23 வயசுல 20 வருஷக் கடன் எதுக்கு?

பிளேஸ்மென்ட் லிஸ்ட் வந்ததும் எல்லாரும் பேக்கேஜை 12-ஆல் வகுத்துப் பார்க்கிறோம். 18 லட்சம்னா மாசம் ஒன்றரை லட்சம்! ஆனா வேரியபிள் பே, கம்பெனி கட்டும் பி.எஃப்., 5 வருஷம் இருந்தால்தான் கைக்கு வரும் கிராஜுவிட்டி எல்லாம் பெரும்பாலும் அந்த 18-க்குள்ளேயேதான் இருக்கும். வரியும் போக, அக்கவுண்ட்டில் விழுவது 1 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே.

அதுவும் பெரிய காசுதான். அதனால்தான் ஆறே மாசத்தில் வீட்டில் பேச்சு ஆரம்பிக்குது: "வாடகைக்குக் கொடுக்கிறதை இ.எம்.ஐ.யா கட்டினா வீடு சொந்தமாயிடும்ல?"

வேலைக்குச் சேர்ந்த முதல் 5 வருஷம் வீட்டுக்கடன் வேண்டாம் என்பது என் கருத்து. கணக்கைப் போட்டுப் பார்ப்போம், நாமதான் இன்ஜினியர்களாச்சே.

ஓ.எம்.ஆர். பக்கம் 65 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட்னு வெச்சுக்கோங்க. கையிலிருந்து 15 லட்சம் (அது பெரும்பாலும் அப்பாவோட சேமிப்பு), பேங்க் கடன் 50 லட்சம். 8.5 சதவீத வட்டி, 20 வருஷம். இ.எம்.ஐ. 43,391 ரூபாய். முதல் மாசத் தவணையில் 35,417 வட்டிக்கே போயிடும். 5 வருஷத்தில் 26 லட்சம் கட்டிய பிறகும் பாக்கி 44 லட்சம் நிற்கும். அதே மாதிரி ஃபிளாட்டுக்கு வாடகை 20,000 பக்கம்னா, எது வீண் செலவுன்னு நீங்களே சொல்லுங்க.

"டாக்ஸ் மிச்சமாகுமே?" புது வரி முறையில் நாம குடியிருக்கும் வீட்டோட கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. "விலை ஏறுமே?" ஏறலாம். ஆனா ஏறுவது நிலம். கட்டடம் பழசாகிட்டேதான் போகும். ஃபிளாட்டில் நமக்கு வரும் நிலம் யு.டி.எஸ். பங்கு மட்டும்தான்.

இதெல்லாம் சின்ன கணக்கு. சம்பளத்தில் பத்தில் நாலு பங்கு தவணைக்குப் போனா, மேனேஜர் எவ்வளவு படுத்தினாலும் பேப்பர் போட முடியாது. எம்.எஸ். போகணும்னு தோணினாலோ, நண்பன் ஸ்டார்ட்-அப்புக்குக் கூப்பிட்டாலோ முதலில் ஞாபகம் வருவது 5-ஆம் தேதி தவணைதான். 2025 ஜூலையில் டி.சி.எஸ். 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலும் நடுநிலை, மூத்த நிலை ஆட்கள். அதாவது இ.எம்.ஐ. பாதி ஓடிக்கொண்டிருக்கும் வயசு. நம்ம அப்பாக்கள் பலர் ஒரே வேலையில் ரிட்டயர் ஆனவங்க. அந்த நம்பிக்கையில் கடன் வாங்கினாங்க.

வீட்டுக்குக் காசே கொடுக்காதீங்கன்னு சொல்ல வரலை. முதலில் எஜுகேஷன் லோன். அதில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருப்பார். நாம தவணை தவறினா அவரோட சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். அப்புறம் ஆறு மாசச் செலவுக்குத் தனியா பணம். அதையும் தாண்டி மிஞ்சினா, ஊரில் மழைக்கு ஒழுகும் வீட்டை முதலில் சரி பண்ணலாம். அம்மா அப்பா தினமும் தூங்குவது அங்கேதான். ஓ.எம்.ஆர். ஃபிளாட்டுக்கு அவங்க வரப்போவது பொங்கல் லீவு முடிஞ்சு நாலு நாள்.