நின்றது மாதவிடாய் மட்டுமே



"பிள்ளை, எனக்கு மாதவிடாய் நிண்டு ஒரு வருசமாச்சு. இனிக் கிளினிக்கில எனக்கென்ன வேலை?" என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார். போரில் கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்து ஆளாக்கியவர்.

சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோன் இரத்தத்தோடு உடலெங்கும் செல்கிறது. ஆனால், அதற்குரிய 'வாங்கி' உள்ள இடத்தில்தான் வேலை செய்யும். பூட்டுக்கேற்ற திறப்பைப் போல. இந்த வாங்கிகள் கருப்பையிலும் மார்பகத்திலும் மட்டுமல்ல, எலும்பு, இரத்தக் குழாய், ஈரல், கொழுப்பு, மூளை ஆகியவற்றிலும் உண்டு.

ஆண்களிடமும் இந்த ஓமோன் சிறிதளவு உண்டு. 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்த 28 வயது ஆணுக்கு இந்த வாங்கி செயற்படவில்லை. ஓமோன் இருந்தும் அவரது எலும்புகள் நலிந்திருந்தன. இன்சுலினும் சரிவர வேலை செய்யவில்லை.

எங்களுக்கோ மாதவிடாய் நிற்கும்போது ஓமோனே குறைந்துவிடுகிறது. அதனால் எலும்பு மெலிகிறது, வயிற்றில் கொழுப்புச் சேர்கிறது, கொலஸ்திரோல் கூடுகிறது. சீனி வியாதி, இதய நோய் ஆகியவற்றுக்கான ஆபத்தும் ஏறுகிறது.

ஆகவே, 35 வயதைத் தாண்டியவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குச் செல்லுங்கள். இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிப்பார்கள். எந்த நாள் என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். 40 வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றாலும், நின்று ஒரு வருடத்தின் பின் சிறிதளவு இரத்தம் பட்டாலும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அந்த அக்கா போனார். இரத்த அழுத்தம் கூடியிருந்தது தெரிந்தது. இப்போது ஒழுங்காக மருந்து எடுக்கிறார்.