மணி அடித்த பிறகும் தொடரும் வேலை

"வாத்தியாருக்கு என்ன, ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிடலாம். வருசத்துக்கு எத்தனை லீவு!" கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளில் மதிய வேளைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆசிரியர் சம்பளத்தைப் பற்றிய வாதம் தடம் புரள்வதும் இங்கேதான்.

பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பான ஓஇசிடி 2013-இல் நடத்திய ஆய்வில், மலேசிய இடைநிலைப்பள்ளி ஆசிரியர் வாரம் 45 மணி நேரம் உழைப்பதாகத் தெரியவந்தது. பங்கேற்ற நாடுகளின் சராசரி 38. அந்த 45-இல் வகுப்பில் நின்று கற்பிப்பது 17 மணி மட்டுமே. மிச்சமெல்லாம் பாடத் தயாரிப்பு, திருத்தம், பதிவேடு, கூட்டம், புறப்பாடம்.

முப்பது கட்டுரை நோட்டுகள். ஒன்றுக்கு நான்கு நிமிடம். ஒரு வகுப்புக்கே இரண்டு மணி நேரம் போய்விடும். சனிக்கிழமை திடலில் பிள்ளைகளை ஓட வைக்கும் ஆசிரியருக்கு ஓவர்டைம் கிடையாது. கிள்ளான் தொழிற்சாலையில் மாதம் 4,000 ரிங்கிட் வரை வாங்குபவருக்கோ கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்குக் கூலி சட்டப்படி உண்டு. அவருக்குக் கிடைப்பது நியாயம். ஆசிரியருக்குக் கிடைக்காததுதான் கேள்வி.

சம்பளக் கணக்கையும் பார்ப்போம். 2016-இல் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரிங்கிட். பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 2,188. இரு மடங்குக்கும் மேல். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆனது. அரசு ஊழியருக்கு 2024 டிசம்பரில் 8, 2026 ஜனவரியில் 7 என 15 விழுக்காடு உயர்வு வந்தது. அதைச் சேர்த்தாலும் ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் குறைந்தபட்சச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கைத் தொடவில்லை. படிகள் தனி என்றாலும், நான்காண்டு பட்டப்படிப்பின் மதிப்பு இவ்வளவு சுருங்கியிருக்கிறது.

"பென்ஷன் இருக்கிறதே" என்பது பழைய பதில். 2024 பிப்ரவரி முதல் புதிதாகச் சேர்வோருக்கு அந்தப் பதில் பொருந்தாது. அவர்கள் நம்பியிருப்பது ஊழியர் சேமநிதியைத்தான்.

ஒப்பிட்டு உரிமை கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கெனச் சங்கம் அமைத்த ராசம்மா பூபாலன், ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்ற வழக்கத்தை எதிர்த்து நின்றார். சம ஊதியம் பிறகு நடைமுறைக்கு வந்தது.

இன்றைய கோரிக்கையும் அதே அளவு தெளிவாக இருக்க வேண்டும். ஆசிரியரின் வேலை நேரத்தை, வகுப்புக்கு வெளியே கழிவதையும் சேர்த்து, கல்வி அமைச்சு பள்ளிவாரியாகக் கணக்கெடுக்கட்டும். பதிவேட்டு வேலைக்குத் தனி உதவியாளரை நியமிக்கட்டும். அடுத்த சம்பள மறுஆய்வு அந்தக் கணக்கை மேசையில் வைத்துத் தொடங்கட்டும்.