குறிப்பேடும் சுவரோவியமும்

கலைப்படைப்பு ஒரு கணத்தில் தோன்றும் மின்னல் என்னும் நம்பிக்கை இன்றும் பரவலாக உள்ளது. ஓவியர்களின் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தோர் அவ்வாறு கருத இயலாது.

லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் 7000 பக்கங்களுக்கு மேல் எஞ்சியுள்ளன. இடக்கைப் பழக்கமுடைய அவர் வலமிருந்து இடமாக எழுதினார். இதனை மறைபொருள் காக்கும் தந்திரம் என்பர் சிலர். ஈர மை கையில் படாதிருக்கக் கொண்ட வழக்கம் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. வியப்புக்குரியது எழுத்தின் திசையன்று, எழுதிய செய்தியே.

மிலான் நகரின் சாந்தா மரியா தெல்லே கிராட்சி மடத்து உணவுக்கூடச் சுவரில், ஏறத்தாழ 1495 முதல் 1498 வரை அவர் தீட்டியது 'இறுதி இராவுணவு'. தம்மைக் காட்டிக்கொடுப்பவன் உடனிருப்போருள் ஒருவனே என இயேசு கூறிய கணம் அதன் பொருள். அதற்கான குறிப்பொன்று கையடக்க ஏட்டில் உள்ளது. சீடர் எவருடைய பெயரும் அதில் இல்லை. பருகிக்கொண்டிருந்த ஒருவன் கோப்பையை வைத்துவிட்டுப் பேசுபவரை நோக்குகிறான்; ஒருவன் விரல்களை முறுக்கிப் புருவம் நெரிக்கிறான்; ஒருவன் உள்ளங்கைகளை விரித்துத் தோள்களைக் காதளவு உயர்த்துகிறான்; ஒருவன் கையில் கத்தியும் பாதி அறுத்த ரொட்டியும் உள்ளன; கத்தியோடு திரும்பும் மற்றொருவனின் கை பட்டுக் கோப்பை கவிழ்கிறது. ஏதோ ஒரு விடுதியின் மேசையைக் கண்டு எழுதியதுபோல் இருக்கிறது இக்குறிப்பு. மனித அசைவே ஓவியருக்கு முதலில் தோன்றியது. யாருக்கு எது என்பது பின்னரே முடிவாயிற்று.

சுவரில் பருகுபவன் இல்லை. விரித்த உள்ளங்கைகள் அந்திரேயாவுக்கு அமைந்தன. கத்தி பேதுருவின் கைக்குச் சென்றது. ரொட்டி அறுக்கும் கருவி அவரது சினத்தின் அடையாளமாயிற்று. கவிழ்ந்த கோப்பை மறைந்து, யூதாசின் கையருகே உப்புக்கிண்ணம் கவிழ்ந்தது. ஓவியம் சிதைந்துவிட்டதால், பழைய படிகளிலேயே இது தெளிவாகத் தெரியும். விருந்தில் கோப்பை கவிழ்வது எவர்க்கும் நேரக்கூடியது. உப்புக் கொட்டுவதோ ஐரோப்பியர் தீநிமித்தமாகக் கருதியது. குறிப்பேடு இல்லையேல், இம்மாற்றம் தேர்ந்து செய்யப்பட்டது என்பதே நமக்குத் தெரிந்திராது.

இத்தகைய தேர்வுக்குக் காலம் வேண்டும். ஈரச் சுண்ணத்தின்மேல் தீட்டும் மரபுமுறையிலோ சுண்ணம் உலர்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். பின்னர்த் திருத்துவது அரிது. நின்று நோக்கியும் மாற்றியும் பழகிய லியொனார்டோ அம்முறையை விடுத்து, உலர்ந்த சுவரில் தீட்டினார். ஓவியத்தை வளர்த்த அப்பழக்கமே அதன் ஆயுளையும் குறைத்தது. அவர் வாழ்நாளிலேயே வண்ணம் உதிரத் தொடங்கியது. அச்சிறிய ஏடு இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், படிக்கத்தக்க நிலையில் உள்ளது.