சோற்றுக்குத் தடை, வோட்காவுக்கு அனுமதியா?

உடல் இளைக்கச் சோற்றைக் குறைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளிலும் இட்லி போய் முட்டையும் பன்னீரும் வந்துவிட்டன.

ஆனால் அவர்களில் சிலர், மாலையில் டாஸ்மாக் கடைக்குப் போகிறார்கள். "பீரில்தானே மாவுச்சத்து? வோட்காவில் இல்லையே!" என்கிறார்கள்.

சாமர்த்தியமான பேச்சு!

வோட்காவில் மாவுச்சத்து இல்லை என்பது மெய்தான். காய்ச்சி வடிக்கும்போதே அது போய்விடும். ஆனால் ஆல்கஹால் இருக்கிறதே! 1 கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. 1 கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி வோட்காவில் 400 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஏழெட்டு இட்லி தின்ற கணக்கு!

ஈரல் முதலில் ஆல்கஹாலைத்தான் கவனிக்கும். அது தீரும்வரை கொழுப்பு கரைவது மிகவும் குறைந்துவிடும்.

சர்க்கரை நோயாளிக்கோ உயிருக்கே ஆபத்து. வயிற்றில் சோறு இல்லாதபோது, இரத்தத்துக்குச் சர்க்கரை கொடுப்பது ஈரல்தான். ஆல்கஹால் அந்த வேலையைக் கெடுக்கிறது. இன்சுலின் போட்டவருக்கும், சிலவகை மாத்திரை சாப்பிட்டவருக்கும் சர்க்கரை மளமளவென்று இறங்கும். கை நடுங்கும்; வியர்க்கும்; பேச்சு குழறும்.

"போதை" என்று நினைத்து வீட்டார் படுக்க வைத்துவிடுவார்கள். அவரோ தூக்கத்திலேயே நினைவு இழப்பார்.

இப்படிப்பட்டவரைத் தூங்க விடாதீர்கள். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். அப்போது 'டயட்' பார்க்கக் கூடாது! நினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள்.