மணிக்கு எத்தனை டாலர்?

“ஐடியா என்னோடது சார். கோடு அடிக்க நாலு பசங்க போதும். உங்க ஊர்ல மணிக்கு எத்தனை டாலர் வாங்குறாங்க?”

சென்ற வாரம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டது இது. கலிபோர்னியாவில் இருபது வருடமாக இருக்கிறார், ஸ்டார்ட்அப் தொடங்கப் போகிறாராம். மருத்துவமனைகளுக்கான மென்பொருள் என்றார். அதை எந்த நர்ஸ், எந்த நேரத்தில், எதற்காகத் திறப்பார் என்று கேட்டேன். “அதெல்லாம் பசங்களுக்கு எதுக்கு? ஸ்பெக் கொடுத்துடுவேன்” என்றார். அதற்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யோசிப்பது பணமுள்ள நாட்டில், எழுதுவது சம்பளம் குறைந்த நாட்டில் என்று உலகத்தையே பாகம் பிரித்து வைத்திருக்கிறது ஒரு கூட்டம். வெளிநாட்டு முதலாளிகள் மட்டும் இப்படி நம்பினால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. சென்னையின் பெருங்குடியிலும் சோழிங்கநல்லூரிலும் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்துகொண்டு நம்மவர்களே இதை நம்புகிறார்கள். இதை விற்றே வீடும் வாங்குகிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் பதில் ஸ்கைப்.

இணையம் வழி பேசும் செயலியாக 2003 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்கைப்பின் நிறுவனர்கள் ஸ்வீடனின் நிக்லாஸ் சென்ஸ்ட்ரோமும் டென்மார்க்கின் யானுஸ் ஃப்ரிஸும். நிரலை எழுதியவர்கள் பால்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், எஸ்டோனியாவின் தாலின் நகரில் இருந்தார்கள்: அஹ்தி ஹெய்ன்லா, பிரீத் கசெசாலு, யான் தாலின். 1991-இல்தான் சோவியத் பிடியிலிருந்து விடுபட்ட நாடு அது. மொத்த மக்கள்தொகை சுமார் 13 லட்சம், சென்னையின் ஒரு மூலையில் அடங்கிவிடும். அங்கே சம்பளம் குறைவு என்பதும் அவர்களைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம்தான். ஆனால் போன பிறகு நடந்ததைப் பாருங்கள். அழைப்புகளையெல்லாம் நடுவில் ஒரு பெரிய சர்வர் தாங்காமல், ஒரு வீட்டுக் கணினி இன்னொரு வீட்டுக் கணினியோடு நேராகப் பேசும் அமைப்பைக் கட்டியது அந்தத் தாலின் குழு. வீட்டு ரௌட்டரையும் அலுவலக ஃபயர்வாலையும் தாண்டிக் குரல் போய்ச் சேர வேண்டும். அதற்கான வழியை யார் ஸ்பெக்கில் எழுதி அனுப்பியிருக்க முடியும்? யோசனையும் கோடும் ஒரே மேசையில் பிறந்தவை.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தாலின்காரர்களுக்கு நிறுவனத்தில் பங்கு இருந்தது. 2005-இல் ஈபே நிறுவனம் 260 கோடி டாலருக்கு ஸ்கைப்பை வாங்க ஒப்பந்தம் போட்டபோது, எழுதியவர்களுக்கும் அதில் பங்கு போனது. அந்தப் பணமும் அனுபவமும் புதிய நிறுவனங்களில் வேர் விட்டன. ஸ்கைப்பின் தொடக்க கால ஊழியரான தாவெத் ஹின்ரிகுஸ், பின்னாளில் வைஸ் என்று பெயர் மாறிய பணப்பரிமாற்ற நிறுவனத்தை நண்பரோடு சேர்ந்து தொடங்கினார். ஹெய்ன்லா 2014-இல் அதே ஃப்ரிஸோடு கூட்டாக ஸ்டார்ஷிப் நிறுவனத்தைத் தொடங்கி, தெருவில் தானாக ஓடிப் பொருள் கொண்டுசேர்க்கும் ரோபோ செய்தார். மணிக்கு இத்தனை டாலர் என்று பேசி முடித்திருந்தால் இதில் ஒன்றாவது நடந்திருக்குமா?

நம் ஊரில் நடப்பது வேறு. நடுவில் ஒரு ஏஜென்சி. இன்டர்வியூவில் வந்து அசத்துகிறவர் பத்து வருட அனுபவசாலி, வேலைக்கு உட்காருவது போன மாதம் கல்லூரி முடித்த பிள்ளை. பில் டாலரில் போகிறது, அந்தப் பிள்ளைக்கு வருவது பி.எஃப். பிடித்தம் போக மிச்சம். ஒப்பந்தமோ ஃபிக்ஸட் பிரைஸ். முதல் வருடத்தில் எந்த ஸ்டார்ட்அப்புக்கும் தான் செய்யப்போவது என்னவென்று முழுசாகத் தெரியாது, மாதத்துக்கு ஒருமுறை திட்டம் மாறும். மாறும்போதெல்லாம் சேஞ்ச் ரிக்வெஸ்ட் என்று தனி பில். இந்தத் திரை யாருக்கும் பயன்படாது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டான். சொன்னால் எஸ்கலேஷன், மேலதிகாரிக்குப் புகார் போகும். கடைசியில் முதலாளி, “இந்தியர்கள் சொன்னதை மட்டும்தான் செய்வார்கள்” என்று மேடையேறிப் பேசுகிறார். சொன்னதை மட்டும் செய் என்று கையெழுத்து வாங்கியது யார்? கண்ணைக் கட்டிவிட்டுக் கோலம் கோணல் என்று திட்டுகிறார்கள்.

நேர வித்தியாசத்தை இழுக்கிறவர்கள் வேறு. கலிபோர்னியாவில் காலை ஒன்பது மணி என்றால் சென்னையில் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. மீட்டிங் எப்போதும் அவர்கள் காலையில்தான். தங்கள் இரவை ஒரு நாளாவது கொடுத்துவிட்டு அல்லவா குறை சொல்ல வேண்டும்?

நம் பக்கக் கம்பெனிகளையும் விட மனமில்லை. புதிதாகச் சேரும் பொறியாளருக்குப் பல வருடமாக அதே மூன்று, மூன்றரை லட்சம் ஆண்டுச் சம்பளம். இந்த நகரத்து வாடகையில் அது எந்த மூலைக்கு? வேறு நல்ல இடம் கிடைத்தாலும் 90 நாள் நோட்டீஸ் என்று பிடித்து வைக்கிறார்கள். சின்ன ஸ்டார்ட்அப் மூன்று மாதம் காத்திருக்குமா? கல்லூரிகள் இன்னும் மோசம். வகுப்பில் கேள்வி கேட்ட பையனை இன்டர்னல் மார்க்கில் பழிவாங்கி, நான்கு வருடத்தில் அவன் வாயை அடைத்து அனுப்புகிறார்கள். அப்புறம், நம் பிள்ளைகளுக்கு சுயமாக யோசிக்கத் தெரியவில்லை என்று கருத்தரங்கம் நடத்துகிறார்கள்.

தெரியவில்லையா? 2010-இல் சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அதனால் கோடீஸ்வரர்களாகிவிட்டார்கள் என்று நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் அப்போது சொன்னார். பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் இருக்கும் இதே ஓ.எம்.ஆர். சாலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர்களிலிருந்து வந்தவர்கள்தான் அவர்களும். தாலின்காரர்களைப் போலவே நிறுவனத்தில் பங்கு அவர்கள் கையிலும் இருந்தது.

ஆஃப்ஷோர் ஆட்கள் சரியில்லை என்று இனி யாராவது என்னிடம் வந்தால், முதலில் அவர்கள் கம்பெனியின் பங்குப் பட்டியலைக் கொண்டுவரட்டும். கோடு எழுதியவர் பெயர் ஒன்றாவது அதில் இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.