தொழிலாளிக்கு விளங்காத அறிக்கை யாருக்கு?

சங்கத்தின் துண்டுப்பிரசுரத்தைத் தோட்டத் தலைவர் லயத்துச் சுவரில் ஒட்டுகிறார். அதில், "சேமலாப நிதிக்கான தொழில்தருநர் பங்களிப்பு நிலுவை தொடர்பில் அங்கத்தவர்கள் விழிப்புடன் இருத்தல் அவசியம்" என்று எழுதியிருந்தால் எத்தனை பேர் நின்று வாசிப்பார்கள்? வாசித்தவருக்கும் அடுத்து என்ன செய்வதென்று விளங்காது.

அதையே இப்படி எழுதலாம்: "சம்பளம் ஆயிரம் ரூபாய் என்றால் சேமலாப நிதிக்கு உங்களிடம் 80 ரூபாய் பிடிப்பார்கள். தோட்ட நிர்வாகம் 120 ரூபாய் போட வேண்டும். மொத்தம் 200 ரூபாய் உங்கள் கணக்கில் சேர வேண்டும். நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் வேறாக 30 ரூபாய் கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது."

இதை வாசித்தவர் சம்பளச் சீட்டை எடுத்துத் தானே கணக்குப் பார்ப்பார். தவறு இருந்தால் தலைவரிடம் கேட்பார்.

எளிய சொல்லில் எழுதினால் மதிப்புக் குறையும் என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். மலையில் 'அரைப் பேர்' என்றால் எல்லோருக்கும் தெரியும். அதை 'அரைநாள் வேதனம்' என்று மாற்றுவதால் யாருக்கு லாபம்?

விளங்காத எழுத்தால் நஷ்டம் தொழிலாளிக்குத்தான். ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, விலகும்போது வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணம் சேர வேண்டும். அதையும் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இருபது வருடம் உழைத்தவருக்கு 280 நாள் சம்பளம். இது தெரியாதவர், கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்து வைப்பார்.

சட்டச் சொல்லே வேண்டாம் என்பதல்ல. இந்தப் பணத்துக்குச் சட்டத்தில் 'பணிக்கொடை' என்று பெயர். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்க அந்தச் சொல் தேவை. முதலில் விளக்கத்தைச் சொல்லி, பிறகு பெயரைச் சொல்வோம்.

நம் முன்னோடிகள் இதை அறிந்திருந்தார்கள். கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தினார். அவர் மனைவி மீனாட்சியம்மை தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

இனி எந்த அறிக்கையும் அச்சுக்குப் போகுமுன், கொழுந்தெடுக்கும் இரண்டு பேரிடம் வாசித்துக் காட்டுவோம். விளங்கியதைத் திருப்பிச் சொல்லக் கேட்போம். அவர்கள் தடுமாறினால் திருத்த வேண்டியது நம் எழுத்தை. சந்தா கட்டுகிறவர்களுக்கு விளங்கும்படி பேசுவது சங்கத்தின் கடமை.