எந்த வருஷத்து ஸ்னோ ஒயிட், சார்?

போன வாரம் டிபார்ட்மென்ட்டில் ஒரு செமினார். சிறப்பு விருந்தினர் ரொம்பவே நொந்துபோய்ப் பேசினார். தேவதைக் கதைகளை எல்லாம் இந்தக் காலத்து எழுத்தாளர்கள் திருப்பி எழுதுகிறேன் பேர்வழி என்று குட்டிச்சுவராக்கிவிட்டார்களாம். "கிரிம் சகோதரர்கள் கிராமத்துப் பாட்டிகளிடம் கேட்டதைக் கேட்டபடியே எழுதி வைத்தார்கள். அதில் கை வைக்க இவர்கள் யார்?" என்று முடித்தார். பலத்த கைதட்டல். நானும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டினேன். பக்கத்தில் இருந்த என் ரூம்மேட் மட்டும் தட்டவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று மைக்கில் கேட்கத் தைரியம் வராத கேள்வியை இங்கே கேட்டுவிடுகிறேன். எந்த வருஷத்து ஸ்னோ ஒயிட், சார்?

கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி வந்தது 1812-இல். அந்தப் புத்தகத்தில், கண்ணாடியிடம் "நான்தானே அழகி?" என்று கேட்டு, பொறாமையில் வெந்து, ஏழு வயதுப் பெண்ணைக் கொல்லச் சொல்லி வேட்டைக்காரனை அனுப்புகிறவள் சித்தி இல்லை. பெற்ற தாய்! பனி மாதிரி வெள்ளையாக ஒரு குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பெற்றாளே, அதே தாய். 1819-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்த நல்ல அம்மா பிரசவத்திலேயே செத்துப்போகிறாள். ராஜா இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்கிறார். கொலைப் பழி புதிதாக வந்தவள் தலையில்.

தற்செயல் என்கிறீர்களா? ஹேன்சல், கிரேட்டல் கதையைப் பாருங்கள். ஊரில் பஞ்சம், வீட்டில் ரொட்டி இல்லை. பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்று விறகுவெட்டியிடம் சொல்பவள் முதல் பதிப்பில் அந்தப் பிள்ளைகளின் அம்மா. 1840-ஆம் வருஷப் பதிப்பில் அவளும் மாற்றாந்தாய். இதில் எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், எல்லாப் பதிப்பிலும் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போவதில் அப்பாவும் உண்டு. கடைசியில் பிள்ளைகள் நகையோடு திரும்பி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். அவருக்கு ஒரு கேள்வியும் கிடையாது. அவள் மட்டும் செத்துப்போயிருக்கிறாள்.

இப்படி மாற்றியவர் யார்? சாட்சாத் கிரிம் சகோதரர்களே, அதிலும் முக்கியமாக இளையவர் வில்ஹெல்ம். 1857 வரை ஏழு பதிப்பு போட்டார்கள். குழந்தைகளுக்கு ஒவ்வாததை எல்லாம் கவனமாக நீக்கிவிட்டோம் என்று 1819-ஆம் வருஷ முன்னுரையில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நீக்கியது எது? ரப்பன்ஸலின் வயிறு. "என் சட்டை ஏன் இறுக்கமாகிறது?" என்று முதல் பதிப்பில் வெள்ளந்தியாகக் கேட்டுத்தான் அவள் மாட்டிக்கொள்வாள். அந்தக் கர்ப்பத்தை எடுத்துவிட்டார்கள். அரசி மட்டும் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு சாகும்வரை ஆட வேண்டும், அது அப்படியே இருக்கிறது. அது குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளுமாம்!

கிராமத்துப் பாட்டி சமாசாரமும் அரைகுறைதான். அவர்களுக்குக் கதை சொன்னவர்களில் பலர் படித்த நடுத்தரக் குடும்பத்து இளம்பெண்கள். காஸல் நகரத்து ஹாஸன்ஃப்ளுக் வீட்டுப் பெண்கள் ஓர் உதாரணம். பிரான்ஸிலிருந்து வந்து குடியேறிய ஹ்யூகனாட் வம்சத்து வீடு அது. அதனால்தான் பிரெஞ்சுக்காரர் சார்லஸ் பெரோ 1697-இல் எழுதிய சிவப்புத் தொப்பிக் குட்டிப்பெண் ஜெர்மனியிலும் வந்து நிற்கிறாள். பெரோ கதையில் ஓநாய் அவளைத் தின்றுவிடும், அவ்வளவுதான், கதை முடிந்தது. வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றும் வேட்டைக்காரர் கிரிம் பதிப்பில் வருகிறார்.

ஆக, "உள்ளபடியே விடு" என்பவர்கள் கேட்பது பழைய கதையை அல்ல. ஏற்கெனவே திருத்தின ஒரு பதிப்பை. தாய்மை புனிதம், அதில் கறை படக்கூடாது என்று ஒரு காலம் நினைத்தது. அந்தக் கறையைத் துடைத்த துணியைச் சித்தி மேல் போட்டது. பிரசவத்தில் பெண்கள் சர்வசாதாரணமாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. எத்தனை வீட்டில் இரண்டாம் தாரமாக வந்த பெண், அடுத்தவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்திருப்பாள்!

இப்போது நம் 'குட்டிச்சுவர்' ஆசாமிகளுக்கு வருவோம். ஏஞ்சலா கார்ட்டர் முதலில் பெரோவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார் (1977). பிறகு 1979-இல் 'தி பிளடி சேம்பர்' எழுதினார். மனைவிகளைக் கொல்லும் நீலத்தாடிக்காரன் கதை அது. பெரோவில் அண்ணன்மார்கள் வந்து பெண்ணைக் காப்பாற்றுவார்கள். கார்ட்டரில் குதிரையேறி வந்து அவனைச் சுட்டுத் தள்ளுவது அவளுடைய அம்மா. கிரிம் ஓரங்கட்டிய அம்மா, துப்பாக்கியோடு திரும்பி வருகிறாள்! ஆன் செக்ஸ்டன் 1971-இல் கிரிம் கதைகளைக் கவிதையாக்கினார். அவருடைய ஸ்னோ ஒயிட் அரசியான பிறகு என்ன செய்கிறாள் தெரியுமா? அவ்வப்போது தன் கண்ணாடியைப் பார்த்துக்கொள்கிறாள். அடுத்த சித்தி தயார். பிரச்சினை சித்தியிடம் இல்லை, கண்ணாடியிடம் என்று பொட்டில் அடித்த மாதிரி சொல்கிறார். இதுவா கெடுப்பது?

அதற்காகத் திருப்பி எழுதியதெல்லாம் உசத்தி என்று நான் ஜல்லி அடிக்கவில்லை. நீல் கெய்மன் 1994-இல் எழுதிய கதையில் சித்தி நல்லவள், ஸ்னோ ஒயிட் ரத்தம் குடிக்கும் பேய். படித்தால் ராத்திரி தூக்கம் வராது, எழுத்து அப்படி. ஆனால் கணக்குப் பார்த்தால், இரண்டு பெண்களில் ஒருத்தி நெருப்பில் வேக வேண்டும் என்ற ஏற்பாடு மாறவே இல்லை. ஆள் மட்டும் மாறியிருக்கிறாள். வில்லியையும் நாயகியையும் இடம் மாற்றிவிட்டுப் புரட்சி என்பவர்களிடம் எனக்கு இந்தப் புகார் உண்டு. திருப்பிச் சொன்ன கதையிடம் நான் கேட்பது ஒன்றுதான். பழி யார் தலையில் இருந்து யார் தலைக்குப் போனது? அதற்குப் பதில் இருந்தால் கதை தேறும்.

இப்போது ரூம்மேட் விஷயம். அவளுக்கு நாலு வயதில் அம்மா தவறிவிட்டார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். அன்று ராத்திரி மெஸ்ஸில் இட்லியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "சின்ன வயசுல சித்திதான் எனக்கு ஸ்னோ ஒயிட் புக் படிச்சுக் காட்டுவாங்க. ரொம்ப நாள் கழிச்சு நானே எழுத்துக்கூட்டிப் படிச்சப்பத்தான் தெரிஞ்சுது. புக்ல சித்தின்னு இருந்த இடத்துல எல்லாம் சூனியக்காரின்னு மாத்தி மாத்திப் படிச்சிருக்காங்க."

1819-இல் வில்ஹெல்ம் கிரிம் ஒரு வார்த்தையை மாற்றினார். நூற்றெண்பது வருஷத்துக்கு மேல் கழித்து, ஒரு நாலு வயசுக் குழந்தை தன்னைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாதே என்று, ஒரு பெண் பாயில் உட்கார்ந்து அதே வார்த்தையைத் திரும்ப மாற்றியிருக்கிறார். கதையில் கை வைக்க இவர்கள் யார் என்று கேட்டீர்களே சார், இந்த அம்மாவையும் சேர்த்துத்தான் கேட்டீர்களா?